என் தங்கையின் ஆறு பற்கள்

நான் பல் செய்கிறவள். பல் டாக்டர் அல்ல. டாக்டரம்மா கீழ்மாடியில் இருக்கிறார். அவர் வாய்க்குள் அளவெடுத்து மேலே அனுப்புவார். நான் மேல்மாடிப் பட்டறையில் பீங்கானில் பல் செய்து கீழே அனுப்புவேன். நடுவில் பதினேழு படிகள். சொன்ன நிறம் இதில்லை, கேட்ட நீளம் அதில்லை என்று இருவரும் அந்தப் படிகளில் ஏறி இறங்கிச் சண்டை போடத் தொடங்கி எட்டு வருஷமாகிறது. அவர் என்னை "மேல்மாடி" என்றுதான் கூப்பிடுவார்.

என் குணத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வி முடிவதற்குள் எனக்குப் பதில் வந்துவிடும். வந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் யாராவது வழி கேட்டால் நான் சொல்வேன். முந்திரிக்கொட்டை என்று பள்ளிக்கூடத்திலேயே பெயர் வாங்கியாயிற்று. பத்துக்கு எட்டுப் பதில் சரியாகவே இருந்துவிடுவதால் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதே கிடையாது.

எனக்கு இரண்டு வயது இளையவள் ஒரு தங்கை. ஒரு வயது நிரம்புமுன் அவளுக்கு விடாத காய்ச்சல் வந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் நிரந்தரப் பற்கள் ஈறுக்குள்ளே சத்தமில்லாமல் உருவாகிக்கொண்டிருக்கும் வயது அது. பல்லுக்கு மேலே கெட்டியான பூச்சாகப் படிய வேண்டிய எனாமல் அந்த மூன்று வாரமும் சரியாகப் படியவில்லை. ஏழு வயதில் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கத் தொடங்கியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. மேல்வரிசை முன்பற்கள் ஆறும் முளைத்து முடிந்தபோது, ஆறிலும் குறுக்கே ஒரு பட்டை, பட்டை முழுக்க ஊசியால் குத்தியது போலக் குழிகள், குழிகளில் மஞ்சளும் பழுப்பும்.

முதல் நாலு பல் வந்திருந்த சமயம். எனக்குப் பத்து வயது. வீடு நிறைய உறவுக்காரர்கள் இருந்த ஒரு மத்தியானம் அவள் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். நான் அவள் வாயைக் காட்டி, "கொறிச்சுப் போட்ட சோளக்கதிர்" என்றேன். கூடியிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் கை மெதுவாக எழுந்து வாயை மூடியது. அன்றைக்கு ஏறிய கை அப்புறம் இறங்கவே இல்லை. சிரித்தால் கை, பேசினால் கை, போட்டோ எடுத்தால் கை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. ஊரில் எத்தனையோ பேருக்கு அழகான பல் செய்து கொடுத்திருக்கிறேன். ஒவ்வொன்றைச் சூளையிலிருந்து எடுக்கும்போதும் அவள் நினைப்பு வரும். அவளோ என்னிடம் வாயைத் திறந்து காட்டியதே இல்லை. பல்லே பிழைப்பாக இருக்கிறவளுக்குக் கூடப்பிறந்தவளின் பல்லை முழுசாகப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

பத்து வருஷம் அவள் ஓர் அலுவலகத்தின் பின்னறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். முகம் காட்டத் தேவையில்லாத வேலை. பிறகு திடீரென்று, காது கேளாத குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் படிப்பில் சேர்ந்தாள். முப்பது வயதில் எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டது நான்தான். அவள் பதில் சொல்லாமல் படித்து முடித்து, எங்கள் வீட்டிலிருந்து ஆறு பஸ் நிறுத்தம் தள்ளியிருந்த பள்ளியில் வேலை வாங்கி, எங்கள் வீட்டுப் பின்னறைக்கே குடிவந்துவிட்டாள். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே இன்றைக்கு எந்தப் பிள்ளை என்ன செய்தது என்று ஆரம்பித்துவிடுவாள். எல்லாம் கைக்குப் பின்னாலிருந்துதான். ஆனாலும் அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை.

அந்தக் கதைகளில் அடிக்கடி வருகிறவள் ஓர் எட்டு வயதுப் பெண். வகுப்பில் யார் எங்கே உட்காருவது, எந்த ஜன்னல் திறந்திருப்பது என்பதெல்லாம் தன் பொறுப்பு என்று தானே எடுத்துக்கொண்டவள். தங்கை அவளுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தாள். மேனேஜருக்கு ஃபேன் மேல் என்ன பகையோ, பாடம் நடக்கும்போதே எழுந்து போய் அணைத்துவிடுவாளாம். மற்றப் பிள்ளைகள் வியர்க்கிறது என்று சண்டைக்கு வர, தங்கை போய் மறுபடி போடுவாளாம். ஒரு நாளைக்கு நாலு தடவை இந்த வழக்கு. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சுவிட்ச் விஷயத்தில் கறாரான ஆட்களை அவருக்குப் பிடிக்கும். அந்தப் பெண் பெரியவளானால் தன்னிடம் வேலைக்கு அனுப்பச் சொன்னார்.

அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "உன் தங்கச்சி ஐஸ்கிரீமைக் கூழா கரையவிட்டுத்தான் சாப்பிடுறா, கவனிச்சியா" என்று. அவளுக்கு எல்லாமே மெதுவாகத்தான் என்று நான் அப்போதே பதில் சொல்லி முடித்துவிட்டேன்.

வேலை நிரந்தரமாக வேண்டுமானால் முதல் மூன்று மாதத்தில் மூன்று தடவை தலைமை ஆசிரியை வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். பிள்ளைகளுக்கு அவர் பெரிய டீச்சர். முதல் தடவையும் இரண்டாம் தடவையும் அவர் நோட்டில் எழுதியது ஒரே வரி: கை வாயை மறைக்கிறது. காது கேளாத பிள்ளைக்கு டீச்சரின் உதடுதான் காது. அதைக் கையால் மூடினால் பாடமே போச்சு. பாடம் சொல்லித்தருவதில் குறை இல்லை, பிள்ளைகளும் ஒட்டிக்கொண்டு விட்டார்கள், ஆனால் வியாழக்கிழமை மூன்றாவது தடவை வரும்போதும் கை ஏறினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டாராம்.

இதைத் திங்கட்கிழமை சாயங்காலம் சமையலறை வாசலில் நின்று சொன்னாள். கண் கலங்கியிருந்தது. இந்த வேலை போனால் திரும்ப அந்தப் பின்னறைக்குப் போக மாட்டேன், போகவும் முடியாது என்றாள். பிறகு கேட்டாள்.

"அக்கா, என் பல்லுக்கு ஏதாவது பண்ண முடியுமா?"

இருபத்து நாலு வருஷமாக நான் காத்திருந்த கேள்வி. அவளை மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவிடவில்லை. மறுநாள் காலை எட்டரைக்கு அவளைக் கீழ்மாடி நாற்காலியில் சாய்த்துவிட்டேன்.

டாக்டரம்மா விளக்கைத் திருப்பினார். முதன்முதலாக அந்த ஆறு பற்களையும் வெளிச்சத்தில் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிட மோசம். வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. என் மனசுக்குள் ஏற்கெனவே ஆறு வெனீர் தயாராக இருந்தது, நிறம் உட்பட.

டாக்டரம்மா தங்கையைப் பார்த்து, குளிர்ச்சியாக ஏதாவது பட்டால் வலிக்குமா என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர். அவளுக்கு அழகுதான் பிரச்சனை" என்றேன் நான்.

தங்கை என்னைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். ஈறு வீங்கியிருக்கிறதே, சரியாகத் துலக்குவதில்லையா என்று டாக்டரம்மா கேட்டார். சின்ன வயதிலிருந்தே சோம்பேறி என்று அதற்கும் நானே சொன்னேன். டாக்டரம்மா பல்லை உலர்த்திப் பார்க்கக் காற்றுக் குழாயைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து நான் "ஆறு வெனீர்" என்றேன். அவர் என்னோடு வாதாடக் குழாயைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் நடந்ததைப் பட்டிமன்றம் என்றுதான் சொல்ல வேண்டும். பல்லை வெளுக்க வைக்கும் மருந்து வேண்டாம் என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமை. நிறம் மாறும், குழி குழியாகவே இருக்கும், ஓட்டையை அடைக்காமல் சுவருக்கு வெள்ளையடித்த கதை. மருந்துப் பசையால் மேற்பரப்பைத் தேய்த்துக் கறையை எடுப்பது ஓரத்துப் பல் இரண்டுக்குச் சரி, நடுவில் இருக்கிற நாலுக்கும் போதாது. முழுப் பல்லையும் சுற்றி இழைத்துக் கேப் மாட்டுவது, உடைகிற நிலையில் இருக்கும் பல்லுக்குத்தான். மிச்சம் இருந்தது இரண்டு கட்சி. பல்லின் நிறத்தில் இருக்கும் காம்போசிட் பசையைக் குழிகளில் நிரப்பி நீல வெளிச்சம் காட்டிக் கெட்டியாக்கலாம் என்பது டாக்டரம்மா கட்சி. பல்லின் முன்பக்கத்தை மெல்லிசாக இழைத்துவிட்டு, நகம் மாதிரி பீங்கான் ஓடு ஒன்றை அதன்மேல் ஒட்டலாம், அதுதான் வெனீர் என்பது என் கட்சி. காம்போசிட் சில வருஷத்தில் கறை பிடிக்கும், ஓரம் பெயரும், திரும்பத் திரும்பப் போட வேண்டும் என்றேன். இழைத்த பல் திரும்ப வளருமா என்றார். என் வெனீர் ஒன்றாவது இதுவரை விழுந்திருக்கிறதா என்றேன். வெனீர் விழாது மேல்மாடி, அதற்காக நல்ல பல்லை எதற்கு இழைக்க வேண்டும் என்றார். நடுவில் தங்கை வாயைத் திறந்தபடி இரண்டு தடவை விரலைத் தூக்கினாள். எச்சில் துப்ப வேண்டும் போலிருக்கிறது என்று கோப்பையை நீட்டினேன்.

கடைசியில் டாக்டரம்மா ஒரே போடாகப் போட்டார். ஈறு இப்படி வீங்கி ரத்தம் கசிகிற நிலையில் எதை ஒட்டினாலும் நிற்காது. இரண்டு வாரம் ஈறுக்கு வைத்தியம், பிறகுதான் மற்றதெல்லாம். வியாழக்கிழமைக்கு வேண்டுமானால் ஓர் ஒத்திகைப் பல் போட்டுத் தரலாம்.

ஒத்திகைப் பல் என்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். வாயின் அச்சைக் கல்லாக இறுகும் கல்மாவில் வார்த்து, அதன் பல்லின் மேல் மெழுகால் அழகான வடிவம் கொடுத்து, அதற்கு ஒரு ரப்பர் அச்சு எடுப்போம். அதில் தற்காலிகப் பசையை நிரப்பி வாயில் அழுத்தினால் மூன்றே நிமிஷத்தில் ஆறு பல்லுக்கும் சேர்த்து ஒரே மெல்லிய ஓடு வந்துவிடும். பசை வைத்து ஒட்டுவதில்லை. பல்லைக் கவ்விக்கொண்டு ஓரிரண்டு நாள் நிற்கும், அப்புறம் பெயர்த்து எடுத்துவிடலாம். எப்படி இருக்கும் என்று போட்டுப் பார்ப்பதற்குத்தான் அது.

அன்று முழுக்க வேறு வேலை தொடவில்லை. புதன்கிழமை மத்தியானம் ரப்பர் அச்சோடு கீழே இறங்கினேன். டாக்டரம்மா பல்லைத் துடைத்துவிட்டு, உதடு காயாமல் இருக்க வேஸ்லின் தடவிவை என்று சொன்ன நேரத்தில் போன் அடித்தது. அவர் பேசிவிட்டு வருவதற்குள் தடவி முடித்தேன். அவர் வந்து அச்சை அழுத்தினார். மூன்று நிமிஷம் கழித்துக் கண்ணாடியைத் தங்கையின் கையில் கொடுத்தோம்.

அவள் பார்த்தாள். உதட்டைப் பிரித்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள், ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை, ஏதோ பரிசோதனை செய்வது போல. பிறகு சிரித்தாள். கை மடியிலேயே கிடந்தது. டாக்டரம்மாவும் நானும் எட்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

அன்று சாயங்காலம் அவள் பால்கனியில் எதிர்க்காற்றில் வாயைத் திறந்துகொண்டு நின்றாள். எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியில் அழகு பார்க்கிறாள் என்று நினைத்து எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. அப்புறம் ஃபிரிட்ஜைத் திறந்து குளிர்ந்த தண்ணீரை இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத் தனக்குள்ளே சிரித்தாள். ஓடு கழன்றுவிடும், பேசாமல் இரு என்று அதட்டினேன். "அக்கா, இதுல ஒரு விஷயம்..." என்று அவள் ஆரம்பித்தாள். "தெரியும் தெரியும், நல்லாத்தான் இருக்கு, போய்ப் படு" என்று அனுப்பினேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. பட்டறையில் வேறொருவருடைய அச்சில் மெழுகு வைக்க உட்கார்ந்தேன். என் விரல் தானாகப் போய் வேஸ்லின் டப்பாவில் நுழைந்து, தானாக வந்து கல்மாப் பல்லின் மேல் தடவியது. மேலே வைப்பது ஒட்டிக்கொள்ளாமல் லேசாகக் கழன்று வர வேண்டும் என்பதற்காகப் பதினான்கு வருஷமாகச் செய்கிற வேலை, யோசிக்கவே தேவையில்லை. அந்த விரலையே பார்த்தேன். நேற்று உதட்டில் தடவிய விரல். உதட்டில் தடவிவிட்டு, வழக்கம்போல, அப்படியே பல்லின் மேலும் ஓர் இழு இழுத்த விரல்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போன் போட்டால் அணைத்து வைத்திருந்தாள். பதினேழு படியையும் நாலு தாவலில் இறங்கினேன். எங்கே ஓட்டம் என்று டாக்டரம்மா வாசலில் மறித்தார்.

"தங்கச்சி பல்லுல வேஸ்லின் தடவிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கடைசிப் படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஒத்திகைப் பல் இத்தனை நேரம் நின்றதே அவள் பல்லில் இருக்கிற குழிகளின் புண்ணியம், ஓடிப்போய்ப் பஸ்ஸைப் பிடி என்றார்.

பஸ்ஸில் வழி முழுக்க நின்றுகொண்டே போனேன். பள்ளியில் அவள் வகுப்பு தரைத்தளத்தில், வராந்தாவின் கடைசியில். ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எல்லாருக்கும் டீச்சரின் முகம் தெரிய வேண்டும் என்று ஒன்பது பிள்ளைகளும் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பெரிய டீச்சர், பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் முட்ட, மடியில் நோட்டோடு. தங்கை ஃபேனுக்கு நேர் கீழே நின்று ஒரு காகிதத் துண்டை வாய்க்கு முன்னால் பிடித்திருந்தாள். ப என்றாலும் ம என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். ப-வில் மட்டும் காற்று வெளியே அடித்துக் காகிதம் ஆடும். அதுதான் பாடம். பிள்ளைகள் கையிலும் ஆளுக்கொரு காகிதம். ஃபேன் காற்றில் எல்லாக் காகிதமும் ப-வுக்கும் ம-வுக்கும் ஒரே ஆட்டமாக ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் கை ஏறவில்லை. அதுவரை ஒரு தடவைகூட ஏறவில்லை என்பது பெரிய டீச்சரின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, என் பல்லைத் தொட்டுக் காட்டி, அழுத்திப் பேசாதே என்று இரண்டு கையாலும் சைகை செய்தேன். முதலில் என்னைப் பார்த்தவள் மேனேஜர். அவள் விரல் நீட்ட, ஒன்பது முகமும் திரும்பின. தங்கையும் திரும்பினாள். யாரோ பைத்தியம் என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, பாடத்தைத் தொடர்ந்தாள்.

ப்பா என்றாள். இன்னொரு தடவை, ப்பா. மூன்றாவது ப்பா-வில் ஆறு பல்லும் வாயைவிட்டுப் பறந்தன.

நெஞ்சில் பட்டு விழப்போனதை இடது கையால் பிடித்துவிட்டாள். பிள்ளைகள் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்தார்கள். சரியாக ப சொன்னால் பல்லே பறக்கும் என்று புரிந்துகொண்டார்கள் போல, ஒரே கைதட்டல். ஆளாளுக்கு உயிரைக் கொடுத்துப் ப சொன்னார்கள்.

தங்கைக்குப் பழக்கமான கை இடது கை. அது வாயை நோக்கி ஏறியது. பாதி வழியில் பார்த்தால் கையில் ஒரு பல் வரிசை. இறக்கிவிட்டாள். வலது கை ஏறியது. அதில் காகிதம். அவள் முகம் சுருங்கி, புருவம் இரண்டும் நெரிந்தன. வெட்கத்தால் துடிக்கிறாள் என்று நினைத்தேன். பத்து வயதில் வாயால் கெடுத்தேன், இப்போது விரலால் கெடுத்தேன், இவள் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் நானே என்று எனக்கு அழுகை முட்டியது.

அப்போது மேனேஜர் எழுந்தாள். அவசரமில்லாமல் பெரிய டீச்சரைக் கடந்து போய், எம்பி ஃபேன் சுவிட்சை அணைத்தாள். தங்கையின் முன்னால் வந்து நின்றாள். ஃபேனைக் காட்டினாள். தன் முன்பல்லைத் தொட்டுக் காட்டினாள். முகத்தை ஆனமட்டும் சுளித்து, வலிக்கிறது என்று உடம்பைக் குறுக்கிக் காட்டினாள். பிறகு சுவிட்சைப் பார்த்து, இனி யாரும் போடக் கூடாது என்று விரலை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. வியர்க்கிறது என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. காகிதங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நேராகத் தொங்கின, இப்போதுதான் ப-வுக்கு மட்டும் ஆடின. பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. தங்கையின் புருவம் விரிந்தது. வாயைத் திறந்தாள். குழியும் மஞ்சளும் பழுப்புமாக அவளுடைய சொந்தப் பற்கள் ஆறும் பட்டப்பகலில் தெரிந்தன. அதே வாயால் இன்னும் இருபது நிமிஷம் பாடம் நடத்தினாள், சிரித்தாள், ஒரு பையன் காகிதத்தையே விழுங்கப் போனபோது அவனை அதட்டினாள். கை ஒரு தடவைகூட ஏறவில்லை.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கரைந்த ஐஸ்கிரீம். பால்கனிக் காற்று. இரண்டு டம்ளர் குளிர்ந்த தண்ணீர். துலக்கினால் வலிக்கும் என்று துலக்காமல் விட்டு வீங்கிய ஈறு. மேல்பூச்சு இல்லாத பல்லில் காற்றுப் பட்டால் சுரீரென்று இழுக்கும் என்பது எங்கள் தொழிலில் முதல் மாதமே சொல்லித்தருகிற பாடம். நான் பல்லைப் பார்த்தேன், நிறத்தைப் பார்த்தேன், அந்தப் பல்லுக்கு வலிக்குமா என்று பார்க்கவில்லை. நாளெல்லாம் முகத்தையே படித்துக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளை மூன்று மாதமாக அதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, எங்கள் வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

பெரிய டீச்சர் முதலில் வெளியே வந்தார். நீங்கள் யார் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் அக்கா என்றேன். அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். கை இறங்கிவிட்டது, ஃபேனை இடம் மாற்ற வேண்டும் என்று எழுதியிருந்தது.

"மூணு தடவை வந்து உக்காந்தும் நான் கையைத்தான் பாத்திருக்கேன்" என்றார். "திங்கட்கிழமை ஆபீஸ்ல வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

தங்கை வந்தாள். கையில் இன்னும் அந்த ஓடு. என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை.

"எப்பலேர்ந்து வலிக்குது?" என்று கேட்டேன். நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதானோ என்னவோ.

"மொதல்லேர்ந்தே. பல்லுன்னா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். நேத்து இந்த ஓடு போட்டப்பதான் காத்து பட்டா ஒண்ணும் ஆகாதுன்னே தெரிஞ்சுது. உங்கிட்ட சொல்ல வந்தேன்."

சோளக்கதிர் என்று சொன்னது நான்தான் என்றேன். ஞாபகம் இருக்கிறதா என்றேன்.

"இல்லாம என்ன. மொத ரெண்டு வருஷம் அதுக்காகத்தான் கையை வெச்சேன். அப்புறம் காத்துக்காக வெச்சேன். எது எப்ப மாறுச்சுன்னு எனக்கே தெரியல."

"ஏண்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ எப்பவும் பதிலோடதானேக்கா வருவே. ஒருநாள் கேள்வியோட வந்திருந்தா சொல்லியிருப்பேன்."

மன்னித்துவிடு என்று சொல்லி, அந்த வராந்தாவிலேயே ஓவென்று அழுதேன். தண்ணீர் குடிக்கப் போன மேனேஜர் நின்று என்னைக் கவனித்தாள். பிறகு, இங்கேயும் ஃபேன் ஓடுகிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, ஐஸ்கிரீமைப் பற்றி நான் சொன்னேனே என்றார் என் வீட்டுக்காரர். ஒரு வாரத்துக்கு அதையே சொன்னார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஈறுக்கு வைத்தியம் இரண்டு வாரம் நடந்தது, மெத்தென்ற பிரஷ்ஷும் வலி குறைக்கும் பேஸ்ட்டுமாக. பிறகு மறுபடி அதே நாற்காலி. இந்தத் தடவை டாக்டரம்மா எல்லாவற்றையும் நிதானமாக அவளிடமே எடுத்துச் சொன்னார். இழைக்காமல் காற்றை நிறுத்துவது எது என்று அவள் கேட்டாள். காம்போசிட் என்றார் அவர். அது போதும், பிற்பாடு பெயர்ந்தால் வந்து போட்டுக்கொள்கிறேன் என்று அவளே முடிவு செய்தாள். பதினான்கு வருஷமாக நான் மனசுக்குள் செய்து வைத்திருந்த ஆறு வெனீருக்கும் வேலை இல்லாமல் போயிற்று. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் நிறம் பார்க்க மேல்மாடிக் கண்தான் வேண்டும் என்று டாக்டரம்மா ஆள் அனுப்பினார். பல் காய்ந்தால் வெளுத்துக் காட்டும், அதனால் ஆரம்பத்திலேயே, ஈரத்தோடு பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நிபந்தனை போட்டார்: கண் மட்டும்தான் உள்ளே வரலாம், வாய் படியிலேயே நிற்க வேண்டும்.

ஓரத்துப் பல் இரண்டில் இருந்த கறையை லேசாகத் தேய்த்தெடுத்தார். நடுப்பல் நாலில் குழி குழியாகப் பசையை நிரப்பி, நீல வெளிச்சம் காட்டி, மெருகேற்றி, கடைசியில் அந்த ஓரத்துப் பல் இரண்டின் குழிகளையும் அடைத்தார். இரண்டரை மணி நேரம். நான் சொன்ன நிறம் அச்சாகப் பொருந்தியிருந்தது. அதைக்கூட நான் சொல்லிக்காட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் டாக்டரம்மா அன்றைக்குக் கீழே வைத்த அதே காற்றுக் குழாயை எடுத்தார். நடுப்பல்லுக்கு நேராகப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். உஸ்ஸென்று காற்று அடித்தது.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

எனக்கு நாக்கு நுனிவரை பதில் வந்துவிட்டது. என் கையை எடுத்து என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

தங்கை அவசரப்படவில்லை. நாக்கால் ஆறு பல்லையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், பொத்தியிருந்த என் கையைப் பார்த்தாள். கண் இரண்டும் சிரித்தன.

"இல்ல" என்றாள். "இன்னொரு தடவை அடிங்க டாக்டர். நல்லா இருக்கு."